518 புரதங்களில் ஒன்றை மட்டும்

1949 பிப்ரவரியில் திருவண்ணாமலை ரமணாசிரமத்தில், ரமண மகரிஷியின் இடது கையில் முழங்கை அருகே இருந்த சிறு கட்டியை அறுத்து எடுத்தார்கள். ஆறிவிட்டது என்று நினைத்த இடத்திலேயே அது மறுபடி முளைத்தது. மார்ச்சில் மீண்டும் அறுத்தார்கள். சார்கோமா என்று தெரிந்தது. ரேடியம் வைத்தார்கள். ஆகஸ்டில் ஒருமுறை, டிசம்பரில் ஒருமுறை என்று கத்தி நான்கு தடவை அந்தக் கையில் பட்டது. கையையே எடுத்துவிடலாம் என்று மருத்துவர்கள் சொன்னதற்கு அவர் இசையவில்லை. 1950 ஏப்ரல் 14 இரவு அவர் உடல் அடங்கியது. கிரிவலப் பாதையில் அந்த ஆசிரமத்தைக் கடக்கும்போதெல்லாம் எனக்குத் தோன்றுவது ஒன்றுதான்: அன்றைய மருத்துவத்தின் கையில் இருந்த கத்திக்கும் ரேடியத்துக்கும் நோயுற்ற செல் எது, நல்ல செல் எது என்று தெரியாது.

மூன்றாவதாக ஒரு கருவி அப்போதுதான் பிறந்துகொண்டிருந்தது. சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்துவிட்டு அமெரிக்கா சென்ற எல்லாப்பிரகட சுப்பாராவ், லெடர்லி ஆய்வுக்கூடத்தில் தன் குழுவுடன் உருவாக்கிய அமினோப்டெரின் என்ற மருந்தை, பாஸ்டனில் சிட்னி ஃபார்பர் இரத்தப் புற்று கண்ட குழந்தைகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். 1948 ஜூனில் முடிவுகள் வெளிவந்தன. சில குழந்தைகளுக்கு நோய் தற்காலிகமாகப் பின்வாங்கியது. அதே குடும்பத்தைச் சேர்ந்த மெத்தோட்ரெக்சேட் இன்றும் நம் மருத்துவமனைகளில் புழங்குகிறது. ஆனால் இவை தாக்குவது, பிளவுபடும் செல்கள் எல்லாவற்றுக்கும் தேவையான ஒரு நொதியை. மயிர்க்கால், குடலின் உட்சுவர், எலும்பு மஜ்ஜை எல்லாம் அந்த அடியை வாங்குகின்றன. கீமோ எடுத்தவர் வீட்டில் இருந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

நல்ல செல்லை விட்டுவிட்டு நோயுற்ற செல்லை மட்டும் தொடும் மருந்தைக் கணக்குப் போட்டுச் செய்ய முடியுமா? இந்தக் கட்டுரை எடுத்துக்கொண்ட கேள்வி இது. கணிப்பொறி மருந்து கண்டுபிடிக்கும் என்று நாளிதழ்களில் வரும் செய்திகள் இந்தக் கேள்வியின் பாதியைத்தான் தொடுகின்றன. ஒரு மூலக்கூறு எந்தப் புரதத்தில் ஒட்டும் என்பது அந்தப் பாதி. எந்தப் புரதங்களில் ஒட்டக்கூடாது என்பது மறுபாதி. அது முன்னதைவிடப் பல மடங்கு கடினம்.

எவ்வளவு கடினம் என்பதைக் கைனேஸ் என்ற நொதிக் குடும்பத்தை வைத்துப் பார்க்கலாம். செல்லுக்குள் செய்தி கடத்துவது இவற்றின் வேலை. ஏடிபி என்ற மூலக்கூறிலிருந்து ஒரு பாஸ்பேட்டைப் பிய்த்து இன்னொரு புரதத்தில் ஒட்டவைக்கும். அப்படி ஒட்டியதும் அந்தப் புரதம் விழிக்கும், அல்லது உறங்கும். மனித மரபணுத் தொகுதியை 2002இல் அலசியபோது இப்படி 518 கைனேஸ்கள் கணக்கில் வந்தன. இவற்றில் ஒன்று ஓயாமல் விழித்தே இருந்தால் செல் ஓயாமல் பெருகும். பல புற்றுநோய்களின் வேர் அங்கே இருக்கிறது. ஆகவே அந்த ஒன்றின் ஏடிபி அமரும் குழியை அடைத்துவிட்டால் போதும். சிக்கல் என்னவென்றால், 518இலும் அந்தக் குழிக்கு ஏறக்குறைய ஒரே சாயல். ஒன்றை அடைக்கச் செய்த ஆப்பு பத்தில் நுழையும். ஸ்டாரோஸ்போரின் என்ற இயற்கைச் சேர்மம் கைனேஸ்களை மிக வலுவாகத் தடுக்கும். 317 கைனேஸ்களை வைத்து 38 தடுப்பான்களைச் சோதித்து 2008இல் வெளியிட்ட அட்டவணையில், அது அவற்றில் பெரும்பாலானவற்றில் ஒட்டிக்கொண்டது. அத்தனையையும் தடுப்பது நோயாளிக்கு மருந்தாகாது, நஞ்சாகும்.

வேறுபாட்டை எங்கே தேடுவது? விடையின் முதல் வரி சென்னையில் எழுதப்பட்டது. 1952இல் சென்னைப் பல்கலைக்கழக இயற்பியல் துறைக்குத் தலைவராக வந்த ஜி.என். ராமச்சந்திரன், தோலிலும் எலும்பிலும் உள்ள கொலாஜன் புரதத்துக்கு மூன்று இழை முறுக்கிய வடிவம் இருப்பதைக் கோபிநாத் கர்த்தாவுடன் சேர்ந்து 1954இல் சொன்னார். அந்த வடிவத்தில் சில அணுக்கள் ஒன்றையொன்று நெருக்குகின்றன என்று விமர்சனம் எழுந்தது. எவ்வளவு நெருக்கம் தகும் என்று அவர் கணக்குப் பார்க்கத் தொடங்கினார். புரதச் சங்கிலியில் ஒவ்வோர் அமினோ அமிலத்துக்கும் இரண்டு சுழல் கோணங்கள் உண்டு. ஃபை, சை என்று அவற்றுக்குப் பெயர். இரண்டையும் 360 பாகைக்கும் சுழற்றிப் பார்த்து, அணுக்கள் மோதிக்கொள்ளும் இடங்களை அடித்துவிட்டால் மிஞ்சுவது சில சிறு தீவுகள்தாம். சி. ராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் இருவருடன் சேர்ந்து 1963இல் அவர் வெளியிட்ட அந்த வரைபடம் இன்று உலகம் முழுவதும் ராமச்சந்திரன் வரைபடம் என்றே வழங்குகிறது. எக்ஸ் கதிரால் கண்ட புரத வடிவம் எதையும் அந்தப் படத்தில் வைத்துச் சரிபார்க்காமல் யாரும் ஏற்பதில்லை.

இதைப் பழம்பெருமைக்காகச் சொல்லவில்லை. நம் கேள்வியின் நடுவிலேயே அந்தப் படம் நிற்கிறது. ஏறக்குறைய ஒவ்வொரு கைனேஸிலும் அஸ்பார்டேட், ஃபினைல்அலனின், கிளைசின் என்று மூன்று அமினோ அமிலங்கள் வரிசையாக வரும் ஓர் இடம் உண்டு. நொதி விழித்திருக்கும்போது ஃபினைல்அலனின் உள்பக்கம் மடங்கியிருக்கும். உறங்கும்போது சில கைனேஸ்களில் அது வெளிப்பக்கம் புரளும். புரண்டால் குழிக்குப் பின்னால் புதிய அறையொன்று திறக்கும். ஃபிலடெல்ஃபியாவில் ஃபாக்ஸ் சேஸ் புற்றுநோய் மையத்தில் ரோலண்ட் டன்பிராக்கும் விவேக் மோடியும் 2019இல் ஆயிரக்கணக்கான கைனேஸ் வடிவங்களை வகைபிரித்தார்கள். அந்த இடத்தின் அமினோ அமிலங்கள் ராமச்சந்திரன் படத்தின் எந்தத் தீவில் உள்ளன என்பதை வைத்தே அவர்கள் பெயரிட்டார்கள். விழித்த கைனேஸுக்கும் உறங்கும் கைனேஸுக்கும் உள்ள வேறுபாடு, கடைசியில் சில ஃபை, சை கோணங்களின் வேறுபாடுதான்.

இந்த அறையைப் பயன்படுத்திய முதல் மருந்து இமாடினிப். நாள்பட்ட மைலாய்டு இரத்தப் புற்றில் 9ஆம், 22ஆம் குரோமோசோம்கள் துண்டு மாற்றிக்கொள்கின்றன. அதனால் குட்டையான 22ஆம் குரோமோசோமை ஃபிலடெல்ஃபியாவில் 1960இல் கண்டார்கள். அது இடமாற்றத்தால் வந்தது என்று ஜேனட் ரௌலி 1973இல் காட்டினார். அந்த மாற்றத்தில் பிறக்கும் கலப்புப் புரதத்தில் ஆபெல் என்ற கைனேஸ் உறங்காமல் விழித்திருக்கிறது. அதைத் தடுக்கும் மாத்திரை 2001 மே மாதம் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. நாளுக்கு 400 மில்லிகிராம், வாயால் விழுங்கினால் போதும். முன்பு சில ஆண்டுகளில் உயிரைக் கொண்டுபோன நோய், சர்க்கரை நோயைப் போலக் கூடவே வைத்துக்கொண்டு வாழத்தக்கதாயிற்று.

இமாடினிப் ஏன் இவ்வளவு தேர்ந்து தாக்குகிறது என்பதை விளங்கிக்கொள்ள எடுத்த முயற்சிதான், என் கணிப்பில், இந்தத் துறையின் மிகச் சுவையான அத்தியாயம். 1977 முதல் 1979 வரை சென்னைப் பல்கலைக்கழகத்தில் வேதியியல் படித்துவிட்டு அமெரிக்கா சென்ற ஜான் குரியன், இமாடினிப்பின் நெருங்கிய உறவான மூலக்கூறு ஆபெலில் எப்படி அமர்கிறது என்பதை 2000இல் தன் குழுவுடன் படம் பிடித்தார். விழித்திருக்கும் குழியில் அது அமரவில்லை. ஃபினைல்அலனின் புரண்டு திறந்த பின்னறையில் நீட்டிப் படுத்திருந்தது. விழித்த நிலையில் கைனேஸ்கள் எல்லாம் ஒரே முகம், உறங்கும் நிலையில் ஒவ்வொன்றுக்கும் ஒரு முகம். ஆகவே உறக்கத்தில் பிடிக்கும் மருந்து தேர்ந்து பிடிக்கிறது என்று எல்லோரும் நிறைவு கொண்டார்கள்.

அந்த நிறைவு நிலைக்கவில்லை. சார்க் என்ற கைனேஸ் ஆபெலுக்கு நெருங்கிய உறவு. இரண்டின் வரிசையிலும் ஏறக்குறையப் பாதி அமினோ அமிலங்கள் ஒன்றே. ஆனாலும் இமாடினிப் சார்க்கைவிட ஆபெலில் 2,000 மடங்குக்கும் மேல் வலுவாக ஒட்டுகிறது. சார்க்கால் அப்படிப் புரள முடியாது போலும் என்று நினைத்தார்கள். 2007இல் குரியன் குழுவே இமாடினிப் அமர்ந்த சார்க்கின் வடிவத்தைக் கண்டது. ஆபெலில் இருந்தது போலவே அதிலும் ஃபினைல்அலனின் புரண்டிருந்தது. மருந்தைத் தொடும் அமினோ அமிலங்களும் ஏறக்குறைய அவையே. அப்படியானால் அந்த 2,000 மடங்கு எங்கிருந்து வந்தது? படங்களை எத்தனை முறை அருகருகே வைத்துப் பார்த்தாலும் தெரியவில்லை.

இங்கேதான் கணிப்பொறி வந்தது. சிகாகோவில் பெனுவா ரூ குழு, புரதத்தின் ஒவ்வோர் அணுவையும் நியூட்டன் விதிப்படி அசையவிட்டு, ஒவ்வொரு நிலைக்கும் எவ்வளவு ஆற்றல் செலவாகிறது என்று கணக்கிட்டது. புரண்ட நிலைக்குச் செல்ல ஆபெலைவிட சார்க் கூடுதல் விலை கொடுக்கிறது என்றும், அமர்ந்த பிறகான பிடிப்பிலும் வேறுபாடு இருக்கிறது என்றும் 2013இல் அது சொன்னது. இன்னொரு பக்கம் டோரத்தி கெர்ன் குழு சோதனைக்குழாயில் நேரத்தை அளந்தது. மருந்து உள்ளே புகுந்த பிறகு புரதம் அதைச் சுற்றி மெல்ல இறுகுகிறது, ஆபெலில் அந்த இறுக்கம் எளிதில் கழலாது, தேர்வின் பெரும்பங்கு அங்கேதான் இருக்கிறது என்றது. ஆபெலுக்கும் சார்க்குக்கும் பொதுவான மூதாதைப் புரதத்தின் வரிசையைக் கணிப்பொறியில் ஊகித்து, அதை ஆய்வுக்கூடத்தில் உயிர்ப்பித்து, இந்தப் பிரிவு எந்தெந்த மாற்றங்களால் வந்தது என்பதையும் 2015இல் அந்தக் குழு காட்டியது. இருதரப்பும் இன்னும் முற்றிலும் ஒத்துப்போகவில்லை. ஆனால் இருவரும் ஒன்றைப் படிப்பித்தார்கள். உறைந்த படத்தில் தேர்வுத்திறன் தெரியாது. அது அசைவில் இருக்கிறது.

அசைவைக் கணக்கிடுவது எளிதல்ல. அணுக்களின் அசைவை ஒரு நொடியின் ஆயிரம் லட்சம் கோடியில் சில பங்குகளாக நறுக்கி, ஒவ்வொரு நறுக்குக்கும் எல்லா விசைகளையும் கூட்ட வேண்டும். அதற்கென்றே ஆன்டன் என்ற கணிப்பொறியை நியூயார்க்கில் டி.இ. ஷா ஆய்வு நிறுவனம் 2008இல் இயக்கியது. அதன் பயனை ஓர் எடுத்துக்காட்டில் காணலாம். பித்தநாளப் புற்றுநோயில் சிலருக்கு எஃப்ஜிஎஃப்ஆர்-2 என்ற கைனேஸ் கெட்டிருக்கும். பழைய மருந்துகள் இதன் உடன்பிறப்புகளையும் சேர்த்துத் தடுத்தன. குடும்பத்தின் முதலாவதான எஃப்ஜிஎஃப்ஆர்-1 தடுக்கப்பட்டால் இரத்தத்தில் பாஸ்பேட் ஏறும். நான்காவது தடுக்கப்பட்டால் வயிற்றுப்போக்கு. அதனால் மருந்தின் அளவைக் குறைக்க வேண்டிவரும், நோய் தப்பிவிடும். முதலாவதும் இரண்டாவதும் படத்தில் அச்சு அசலாக ஒன்று போல இருக்கும். நீண்ட நேர அசைவுக் கணக்கில், குழியின் மேலிருக்கும் ஒரு வளையம் ஒன்றில் கூடுதலாக நீண்டு ஆடுகிறது, மற்றதில் குறைவாக என்று தெரிந்தது. அந்த ஆட்டத்தைக் குறிவைத்துச் செய்த லிராஃபுகிராடினிப் என்ற மூலக்கூறு, இரண்டாவதை மட்டும் தேர்ந்து தடுப்பதையும் நோயாளிகளில் கட்டிகள் சுருங்கியதையும் 2023இல் வெளியிட்டார்கள். கணிப்பொறியால்தான் ஆனது என்று மனச்சாட்சியோடு சொல்லத்தக்க நிகழ்வுகள் இந்தத் துறையில் குறைவு. இது அவற்றுள் ஒன்று.

வேறொரு வழியையும் சொல்ல வேண்டும். உறவுப் புரதங்கள் வடிவில் ஒத்திருந்தாலும், அவற்றின் ஹைட்ரஜன் பிணைப்புகளைச் சுற்றியுள்ள எண்ணெய்த்தன்மை ஒன்று போல் இருப்பதில்லை என்று ஏரியல் ஃபெர்னாண்டஸ் ஹூஸ்டனில் கணக்கிட்டார். சரியாகப் போர்த்தப்படாத பிணைப்பில் நீர் புகும். அந்த ஓட்டையை மூடும் மருந்து அந்தப் புரதத்தோடு மட்டும் இணங்கும். இமாடினிப் இதய செல்களைப் பாதிக்கக்கூடும் என்று 2006இல் ஓர் ஆய்வு எச்சரித்திருந்த நேரம் அது. இமாடினிப்பில் ஒரு மெத்தில் தொகுதியைச் சேர்த்து, ஆபெலை விட்டு கிட் என்ற கைனேஸை மட்டும் தடுக்கும் வடிவத்தை 2007இல் அவர் குழு காட்டியது. எலிகளில் இதயத்துக்கு ஊறு குறைந்தது. மருந்தகத்துக்கு அது வரவில்லை. இமாடினிப்பால் இதயம் பழுதாவது அரிது என்று பின்னர் பெரிய நோயாளர் குழுக்களில் தெரிந்தது. ஆனாலும் பக்கவிளைவைக் காரணமாகக் கொண்டு பின்னோக்கிக் கணக்குப் போட்ட அந்தச் சிந்தனை எனக்கு மிகவும் மதிப்புக்குரியது.

கணக்கு கைவிட்ட இடமும் உண்டு. கேராஸ் என்ற புரதம் பல நுரையீரல், குடல் புற்றுகளில் கெட்டிருக்கும். அதன் மேற்பரப்பில் மருந்து நுழையத்தக்க குழியே இல்லை என்று முப்பது ஆண்டு சொல்லிக்கொண்டிருந்தார்கள். வடிவத்தைப் பார்த்தால் அப்படித்தான் தெரியும். கெவன் ஷோகாட் குழு 2013இல் சோதனை வழியே, கெட்ட வடிவத்தில் மட்டும் இருக்கும் ஒரு சிஸ்டீனில் ஒட்டும் சிறு துண்டுகளைத் தேடியது. துண்டு ஒட்டிய பிறகு பார்த்தால் அதற்கு அடியில் ஒரு குழி திறந்திருந்தது! மருந்து வராமல் அந்தக் குழி திறப்பதில்லை. அந்த வழியில் வந்த சொட்டோராசிப் 2021இல் அனுமதி பெற்றது. நல்ல கேராஸில் அந்த சிஸ்டீன் இல்லை. ஆகவே தேர்வு ஏறக்குறைய முழுமை. அந்தக் குழியில் மருந்து அமரும் என்று காட்டியது கையால் செய்த சோதனைதான், கணிப்பொறி அல்ல.

புற்றுநோயும் சும்மா இருப்பதில்லை. ஆபெலில் 315ஆம் இடத்தில் திரியோனின் இருக்க வேண்டும். அது ஐசோலூசின் ஆகிவிட்டால் இமாடினிப் உள்ளே நுழைய முடியாது. வாயில்காப்போன் என்று அந்த இடத்துக்குப் பெயர். அதற்கு விடை வாயிலிலேயே நிற்காமல் புரதத்தின் பின்பக்கம் போவது. மிரிஸ்டேட் என்ற கொழுப்பு அமர்ந்து ஆபெலை உறங்கவைக்கும் இயற்கையான குழி அங்கே இருக்கிறது. அதில் அமரும் அசிமினிப் 2021இல் வந்தது. மற்றக் கைனேஸ்களில் அந்தக் குழி அப்படி இல்லாததால் அதன் தேர்வுத்திறன் இமாடினிப்பையும் மிஞ்சுகிறது.

2020இல் புரத வடிவங்களை ஊகிக்கும் ஆல்ஃபாஃபோல்ட் என்ற செயற்கை நுண்ணறிவு வந்தபோது இனி எல்லாம் எளிது என்ற நம்பிக்கை பரவியது. 2022 ஜூலையில் 20 கோடிக்கும் மேற்பட்ட புரதங்களின் ஊகித்த வடிவங்களை அது இலவசமாக வெளியிட்டது. 2024 வேதியியல் நோபல் பரிசில் அதற்கும் பங்கு. மகத்தான சாதனைதான். ஆனால் அது பெரும்பாலும் ஒரு வடிவத்தைத் தருகிறது, ஒற்றை அமினோ அமிலம் மாறினால் என்னாகும் என்று சொல்லச் செய்யப்பட்டதும் அல்ல. மேலே சொன்ன கதைகள் எல்லாம் அசைவையும் ஒற்றை மாற்றத்தையும் பற்றியவை. இவ்விரண்டில்தான் தேர்வுத்திறன் இருக்கிறது.

தமிழ்நாட்டுக்கு வருவோம். ராமச்சந்திரன் விட்டுச் சென்ற படிகவியல், உயிரியற்பியல் துறை சென்னைப் பல்கலைக்கழகத்தில் இன்றும் இயங்குகிறது. சென்னை ஐஐடியில் மைக்கேல் குரோமிஹா குழு, அமினோ அமில மாற்றம் புரதத்தின் நிலைப்பை எப்படிக் குலைக்கிறது என்பதைத் தரவாகத் திரட்டி, புற்றுக்குக் காரணமான மாற்றம் எது, வெறுமனே உடன்வந்தது எது என்று பிரிக்க முயல்கிறது. உயிர்த்தகவலியல் துறைகள் காரைக்குடியிலும் கோவையிலும் புதுச்சேரியிலும் உள்ளன. ஆட்டோடாக் வீனா போன்ற இலவச மென்பொருள் 2010 முதல் கிடைப்பதால், மாவட்டத் தலைநகர்க் கல்லூரி மாணவியும் மடிக்கணினியில் டாக்கிங், அதாவது மூலக்கூறைப் புரதத்தில் பொருத்திப் பார்ப்பது, செய்யலாம். இது நல்லது. ஆனால் பலர் செய்வது இது: ஒரு மூலிகையின் சேர்மங்களை எடுத்து, ஒரு புற்றுநோய்ப் புரதத்தில் பொருத்தி, மதிப்பெண் நன்றாக வந்தால் கட்டுரை எழுதிவிடுவது. நிலவேம்பும் மஞ்சளும் துளசியும் இப்படி எத்தனை புரதங்களோடு ஒட்டவைக்கப்பட்டன என்பதற்குக் கணக்கில்லை. அந்த மூலக்கூறு பக்கத்துப் புரதத்திலும் அதே மதிப்பெண் வாங்குமா என்ற கேள்வியைப் பெரும்பாலான ஆய்வேடுகள் கேட்பதே இல்லை. கேட்டால் பல முடிவுகள் உதிர்ந்துவிடும். உதிரட்டும். மிஞ்சுவதுதான் ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுபோகத்தக்கது.

நம் நோயாளிகளின் மாற்றங்களும் தெரிந்திருக்க வேண்டும். நுரையீரல் அடினோகார்சினோமாவில் ஈஜிஎஃப்ஆர் என்ற கைனேஸின் மாற்றம் இந்தியர்களிடம் மேலைநாட்டாரைவிட அதிகம். இதைப் போன்ற வேறுபாடுகள் வேறு புற்றுகளிலும் இருக்கக்கூடும். 480 மார்பகப் புற்று நோயாளிகளின் திசுக்களிலிருந்து மரபணு வரிசைகளைப் படித்து, சென்னை ஐஐடி 2025 பிப்ரவரியில் இந்தியப் புற்றுநோய் மரபணு வரைபடத்தை வெளியிட்டது. கல்லூரி மாணவி டாக்கிங் செய்ய எடுக்க வேண்டிய மாற்றங்கள் இனி அங்கிருந்து வர வேண்டும் என்பது என் எண்ணம்.

விலையும் இந்தக் கேள்வியைச் சேர்ந்ததுதான். இமாடினிப் உப்பின் ஒரு குறிப்பிட்ட படிக வடிவத்துக்குக் காப்புரிமை கேட்டு அதைத் தயாரிக்கும் நோவார்ட்டிஸ் நிறுவனம் 1998இல் விண்ணப்பித்தது சென்னையில். 2006 ஜனவரியில் சென்னைக் காப்புரிமை அலுவலகம் அதை மறுத்தது. அறிந்த பொருளின் புதிய வடிவம் கூடுதல் பலன் தந்தாலன்றிக் காப்புரிமை இல்லை என்ற, இந்தியக் காப்புரிமைச் சட்டத்தின் 3(டி) பிரிவை எதிர்த்த வழக்கைச் சென்னை உயர் நீதிமன்றம் 2007 ஆகஸ்டில் ஏற்கவில்லை. 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றம் காப்புரிமை மறுப்பை உறுதிசெய்தது. அப்போது நிறுவனத்தின் மாத்திரைக்கு மாதம் சுமார் 1,20,000 ரூபாய், இந்தியப் பொதுப்பெயர் மருந்துக்குச் சுமார் 8,000 ரூபாய். இன்று அது இன்னும் இறங்கியிருக்கிறது. ஆரணியில் தறி ஓட்டும் ஒருவர் இந்த நோயோடு பதினைந்து ஆண்டு வேலைசெய்ய முடிகிறதென்றால், ஆபெலின் பின்னறை எவ்வளவு காரணமோ அவ்வளவு அந்தத் தீர்ப்பும் காரணம்.

திருவண்ணாமலையிலிருந்து புற்றுநோய்க்கு என்று போகிறவர்கள் வேலூர் சிஎம்சிக்கோ, புதுச்சேரி ஜிப்மருக்கோ, காஞ்சிபுரம் காரப்பேட்டைக்கோ, டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1954இல் தொடங்கிய அடையாறு புற்றுநோய் நிலையத்துக்கோ பேருந்து ஏறுகிறார்கள். கையில் மஞ்சள் பையில் பயாப்ஸி ரிப்போர்ட் இருக்கும். சார்கோமா என்று அதில் எழுதியிருந்தால், இன்று அது ஒரு நோயின் பெயரல்ல, ஐம்பதுக்கும் மேற்பட்ட நோய்களின் பொதுப்பெயர். இரைப்பையிலும் குடலிலும் தோன்றும் ஜிஸ்ட் என்ற வகையில் கிட் கைனேஸ் கெட்டிருந்தால் இமாடினிப்பே கொடுக்கலாம். என்டிஆர்கே மரபணு வேறொரு மரபணுவோடு ஒட்டியிருந்தால் 2018இல் வந்த லாரோட்ரெக்டினிப் இருக்கிறது. மற்ற வகைகளில் பலவற்றுக்கு இன்னும் கத்தியும் கதிரும் கீமோவும்தான். எந்த வகை என்று அறியும் மரபணுச் சோதனை மாவட்ட மருத்துவமனையில் இல்லை. மாதிரி வெளியூர் போய், முடிவு வர வாரக்கணக்கில் ஆகிறது. அதுவரை அந்தக் குடும்பம் மருத்துவமனை வாசலுக்கும் ஊருக்குமாக அலைகிறது.